ஒரு சாண் மிகுந்த கட்டில்

என் மனைவியின் கட்டில் உயரமானது. கடைந்தெடுத்த நான்கு தேக்கங்கால்களின்மேல் அது நிற்பதைக் காணும்போதெல்லாம், நீர் வடிந்த பின்னும் இடம்விட்டு அகலாத தோணி ஒன்றே என் நினைவுக்கு வரும். அவள் பிறந்தது அக்கட்டிலில். எங்கள் திருமணத்துக்கு மறுவாரம், வைக்கோல் பொதிந்து கட்டிய நிலையில், ஒரு சரக்குந்தில் ஏறி அது பெரம்பலூருக்கு வந்து சேர்ந்தது. அவள் உருவத்தில் சிறியவள். கட்டிலில் அமர்ந்தால் அவளுடைய பாதங்கள் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும். மாலை வேளைகளில் அவள் கால்களை மெல்ல ஆட்டிக்கொண்டே கீரை ஆய்வதை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்து வந்திருக்கிறேன். அந்த ஒரு சாண் வெளி எங்களை ஒருநாள் வெவ்வேறு ஊர்களில் வைக்கும் என்று நான் எண்ணியதில்லை.

சென்ற ஆடியில் குளியலறை வாயிலில் அவள் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. திருச்சியில் அறுவை முடிந்து, சற்றுத் தேறியதும், மகள் அவளைத் தன் அரியலூர் வீட்டுக்கு அழைத்துச் சென்றாள். அங்கே அவளுக்கு நடை பயிற்றிய இயன்முறை மருத்துவர் இரண்டே கட்டளைகள் இட்டார். கட்டிலில் அமர்ந்தால் உள்ளங்கால்கள் இரண்டும் முழுமையாகக் கீழே பதிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்துவிடக் கூடாது. மகள் வீட்டுக் கட்டில் அந்த அளவுக்குப் பொருந்தியது. எங்கள் வீட்டுக் கட்டில் பொருந்தவில்லை.

புரட்டாசியில் ஒரு காலைப்பொழுது, மகள் கைப்பேசியில் அழைத்தாள்.

"அந்தக் கட்டில்ல அம்மா ஏறுறத என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாதுப்பா. தாழ்வா புதுசு ஒண்ணு வாங்கிப் போடுங்க. அடுத்த வாரமே கொண்டாந்து விட்டுடுறேன்."

பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அதத் தூக்கிட்டு வேற கட்டில் போட்டீங்கன்னா நான் வரவே மாட்டேன். இங்கேயே இருந்துக்கிறேன். சொல்லிட்டேன்."

இவ்விரண்டு உறுதிகளுக்கும் நடுவில் நின்றபடி நான் சொன்னேன்: "ரெண்டும் வேணாம். கட்டிலுக்கு முன்னால வைக்க நானே ஒரு படி செஞ்சுடுறேன். தீபாவளிக்குள்ள."

"யாரு, நீங்களா?" என்றாள் மனைவி. பிறகு நெடுநேரம் சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். அந்தச் சிரிப்பின் வெளிச்சத்தில் நான் மயங்கிவிட்டேன் என்றே இப்போது நினைக்கிறேன்.

ஓர் உண்மையை இங்கே ஒளிக்கக் கூடாது. வீட்டோடு ஒரு மரவேலைப் பட்டறை வேண்டும் என்பது என் நெடுநாள் வேட்கை. கல்லூரியில் பாடம் நடத்திய ஆண்டுகளில், மாணவர் தேர்வெழுதும் மூன்று மணி நேர அமைதியில், என் மனம் மேசைகளின் மூட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும். கண் மங்கியதால் மகிழுந்தை விற்றுவிட்டேன். அதன் கொட்டகை ஓராண்டாக வெறுமையாய்க் கிடந்தது. தகரக் கூரையின் ஆணித்துளைகள் வழியே ஞாயிற்றொளி வட்டவட்டமாய்த் தரையில் விழும். காலையில் மேற்குச் சுவரில் இருக்கும் அப்புள்ளிகள் உச்சிப்பொழுதில் தரையின் நடுவுக்கு வந்து, மாலையில் கீழைச் சுவரேறி மறையும். நாற்காலி ஒன்றை இட்டு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாலே ஒரு பகல் போய்விடும். படி என்பது எனக்கு வாய்த்த நல்ல சாக்கு. வேட்கைக்குக் கடமையின் உடையை அணிவித்துவிட்டேன்.

அப்போது அடுத்த மனையில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. நிலை, கதவு வேலைக்கு வந்திருந்த தச்சர் தா.பழூர்க்காரர். நாற்பது அகவை இருக்கும். அவருடைய பெற்றோர் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர் பாலம் கட்டும் இடத்தில் பலகை அடிக்கச் சென்று, அங்கேயே தச்சு கற்று, இப்போது மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் வேலை எடுத்துச் செய்பவர். தரையில் அமர்ந்து மரத்தை அறுத்துக்கொண்டிருந்தவரிடம் மதிலுக்கு இப்பாலிருந்து கேட்டேன்.

"தம்பி, வீட்டோட சின்னதா ஒரு பட்டறை போடணும். மொதல்ல என்னென்ன வாங்கணும்?"

"யாருக்கு சார்? பேரனுக்கா?"

"எனக்குத்தான்."

அவர் அறுப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விரல் மடக்கினார். "ரம்பம் ஒண்ணு. இழைப்புளி ஒண்ணு. உளி ரெண்டு, அகலத்துல ஒண்ணு, ஒடுக்கத்துல ஒண்ணு. உளிய அடிக்கக் கொட்டாப்புளி. கோணம் பாக்க மூலமட்டம். தீந்துது. இதுக்கு மேல கடக்காரர் எது சொன்னாலும் காது கேக்கலேன்னு சொல்லிடுங்க சார்."

குறிப்பேட்டின் புதுப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். வாள், இழைப்புளி, உளி இரண்டு, கொட்டாப்புளி, மூலைமட்டம். எழுதி முடித்துச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தேன். குறையொன்றும் தெரியவில்லை.

கருவி வாங்க லப்பைக்குடிக்காடு சென்றேன். அங்கே இரும்புக்கடை வைத்திருந்த பாய், இருபத்திரண்டு ஆண்டுகள் ஷார்ஜாவில் ஓர் அறைகலன் பட்டறையில் பணியாற்றித் திரும்பியவர். கடையின் முன்பகுதியில் பூட்டும் தாழ்ப்பாளும் குழாய்களும். பின்பகுதியில், பச்சைத் துணி விரித்த நீண்ட பலகைமேல், மரவேலைக் கருவிகள். அவற்றுள் பாதி விற்பனைக்கல்ல, தம் கண்ணுக்காக வைத்திருப்பவை என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன்.

"பாத்து வாங்காதீங்க சார், புடிச்சு வாங்குங்க," என்றார் பாய். "கண்ண மூடிக்குங்க. எது உங்க கையோட பேசுதோ அத எடுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். கடைத்தெருவின் ஓசைகள் எங்கோ நீரடியில் கேட்பனபோல் அகன்றன. ஒவ்வோர் உளியாக என் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. ஒன்று குளிர்ந்திருந்தது. மற்றொன்றின் பிடி யாரோ முன்பே பற்றிப் பற்றி மழுங்கியிருந்தது. ஒன்றன் எடை முழுதும் நுனியில் இருந்தது. அதைத் தாங்கியபோது கை தானாகவே தாழ்ந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ அறியேன்.

"சார், அது உளி. பாம்புக்குட்டி இல்ல. அழுத்திப் புடிங்க, கடிக்காது."

கண் திறந்தபோது, கடைக்கு வந்த இருவர் என்னை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தனர்.

அன்று ஒடுக்கமான உளியை மட்டும் வாங்கினேன். அதன் கூர்மையைக் காண, கட்டைவிரல் நகத்தின்மேல் அலகைச் சாய்த்து வைக்கச் சொன்னார். அது வழுக்கி ஓடியது. "நகத்துல நிக்கணும் சார். வழுக்குனா அது கரண்டி. கடையிலேந்து வர்ற எந்த உளியும் தீட்டாமதான் வரும். கல்லு வாங்காம உளி வாங்குறது, நெருப்பு இல்லாம அடுப்பு வாங்குற மாதிரி." பட்டியலில் இல்லாத சாணைக்கல் அன்றே ஏழாவதாய்ச் சேர்ந்தது. தச்சர் சொன்னபடி காது கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் வாளுக்காகப் போனேன். இரண்டு வகை காட்டினார். ஒன்று தள்ளும்போது அறுப்பது. மற்றொன்று இழுக்கும்போது அறுப்பது. "தள்ளுறதுக்குத் தோள் வேணும் சார். இழுக்குறதுக்குப் பொறும போதும். உங்களுக்கு இதுதான்," என்று மெல்லிய பற்கள் கொண்ட இழுப்புவாளை எடுத்துக் கொடுத்தார். தட்டினால் அதன் தகடு நெடுநேரம் இசைத்தது. அதற்கும் அடுத்த வாரம் இழைப்புளி. அதற்கும் பிறகு ஒருநாள், ஒன்றும் வாங்காமல் வெறுமனே பார்த்துவிட்டு வந்தேன். பேருந்தின் சாளரத்துக்கு வெளியே பருத்திக் காடுகளும் மக்காச்சோளக் கொல்லைகளும் பின்னோக்கி மிதந்தன. மடியில் செய்தித்தாள் சுற்றிய கருவி இருக்கும். அதன்மேல் கை வைத்தவாறே உறங்கிப்போவேன். அப்பயணங்களைப்போல் இனியவை என் வாழ்வில் சிலவே.

கொட்டகைச் சுவரில் ஆணி அறைந்து அவற்றைத் தொங்கவிட்டேன். ஒளிப்புள்ளிகள் இப்போது சுவரேறும்போது வாளின் தகட்டில் ஒருகணம் தங்கிச் சுடர்ந்துவிட்டுப் போயின. நண்பகலில் மனைவியின் கட்டிலில் படுத்தால், அரைத்துயிலில் அக்கருவிகள் யாவும் சுவரைவிட்டு இறங்கித் தாமாகவே ஒரு படியைச் செய்து முடித்துவிட்டதாகத் தோன்றும். விழித்தால் மனம் நிறைந்திருக்கும். செய்து முடித்தவனின் களைப்புக்கூட இருக்கும். ஆனால் மரம் இன்னும் வாங்கப்படவே இல்லை.

தீபாவளிக்குப் பத்து நாள்கள் இருந்தபோதுதான் முதன்முதலில் ஒரு மரத்துண்டை அறுக்க முயன்றேன். முக்காலியில் அமர்ந்து, துண்டை எதிரிலிருந்த பெட்டிமேல் வைத்து, வாளை இழுத்தேன். துண்டு வாளோடு சேர்ந்து என் மடிக்கு வந்தது. இடக்கையால் அழுத்தினேன், சுழன்றது. இழைப்புளியைத் தள்ளினேன், மரம் அதற்கு முன்னால் ஓடிப் பெட்டியிலிருந்து விழுந்தது. சுவரில் அத்தனை கருவிகள் தொங்க, ஒரு முழக் கட்டை என்னைப் பகல் முழுதும் ஆட்டிவைத்தது.

மதிலருகே சென்று தச்சரைப் பார்த்தேன். நாள்தோறும் பார்த்த காட்சிதான், அன்றுதான் கண்டேன். அவர் தரையில் ஒரு காலை மடித்து அமர்ந்திருந்தார். மறுகாலின் பெருவிரலும் அடுத்த விரலும் பலகையின் விளிம்பைக் கவ்வியிருந்தன. குதிகால் பின்னால் அணை கொடுத்தது. அறுக்க அறுக்க, அவர் எண்ணாமலே, அக்கால் மரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி வாளுக்குக் கொடுத்தது.

"தம்பி, நீங்க சொன்ன பட்டியல்ல ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்ன சார்?"

"கால்."

அவர் தம் காலை ஏதோ புதிதாக முளைத்ததைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "கால எந்தக் கடையில சார் விக்கிறாங்க? தரையில குந்துங்க, அதுவா வந்துடும்."

அது வராது. என் முழங்கால்கள் மடங்க மறுத்துப் பத்தாண்டுகள் ஆகின்றன. தரையில் அமர்ந்தால் எழுப்பிவிட இருவர் வேண்டும். அவர்மீது பிழையில்லை. தம் உடம்பையே கருவியாக்கிக்கொண்டவரிடம் கருவிப் பட்டியல் கேட்டால், உடம்பை எப்படி எழுதிக் கொடுப்பார்? கேட்டவன் தன் உடம்பைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

தீபாவளிக்கு அரியலூர் சென்றேன். வழியெங்கும் சுண்ணாம்புக்கல் ஏற்றிய வண்டிகளின் பொடி படிந்து, சாலையோரப் புளியமரங்கள் பனியில் நனைந்தவைபோல் வெளுத்து நின்றன. மனைவி நடைச்சட்டத்தைப் பற்றியவாறு மகள் வீட்டுக் கொல்லையில் பத்தடி நடந்து காட்டினாள். சாளரக் கட்டையில் கல்லாகிப்போன சிப்பிகள் நான்கைந்து வரிசையாய் இருந்தன. கழிவுநீர்த் தொட்டிக்குத் தோண்டிய மண்ணில் கிடந்தனவாம். எந்நாளோ அங்கே கடல் இருந்தது என்பார்கள். அவள் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். கல்லின் எடையும் சிப்பியின் வரிகளும் கொண்ட அது உள்ளங்கையில் குளிர்ந்து கிடந்தது.

"இத வச்சுத்தான் பொழுது போவுது," என்றாள். "படி எந்த மட்டுல இருக்கு?"

"கருவியெல்லாம் தேர்ந்து முடிச்சாச்சு."

"பந்தல் போட்டாச்சு, மேளத்துக்குச் சொல்லியாச்சு. பொண்ணுதான் இன்னும் பாக்கல. அப்படித்தானே?"

மகள் வாய்பொத்திச் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. "ராத்திரி முழிப்பு வந்தா, எந்த வீட்டுல இருக்கேன்னு புடிபட மாட்டேங்குதுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிப்பியைத் திரும்ப வாங்கி வைத்தாள்.

திரும்பும் வழியில் நான் உறங்கவில்லை.

மறுநாளே லப்பைக்குடிக்காடு சென்று பாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இருக்கையை இழுத்துப் போட்டார்.

"நானும் ஊர்ல குந்திச் செஞ்சவன்தான் சார். ஷார்ஜா போன மொதநாள் ஒரு டேபிளுக்கு முன்னால நிக்க வச்சான். காலுக்கு வேலையே இல்ல. ஒரு வாரம் அழுதேன், அல்லாஹ் அறிய. மரம் எங்கிட்டேந்து ஓடிக்கிட்டே இருக்கும். அப்பறம்தான் புரிஞ்சுது, நிக்கிறவனுக்கு மொதக் கருவி டேபிள். ரெண்டாவது மரத்தக் கவ்வுற வைஸ். ரம்பமெல்லாம் அதுக்கப்பறம். நீங்க நின்னு செய்றவரா, குந்திச் செய்றவரான்னு மொத நாளே நான் கேட்டிருக்கணும். தப்பு எம்மேலயும் இருக்கு."

என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கைகளைத் தொங்கவிடச் சொன்னார். மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே மேசையின் உயரம் என்று நூல் பிடித்துக் கொடுத்தார். அடுத்த மனைத் தச்சர் தம் கூலியாளோடு வந்து இரண்டு நாளில் கனத்த வேப்பமரத்தில் மேசையை அமைத்தார். பாய் கொடுத்த வைஸை அதன் ஓரத்தில் முடுக்கினோம். நான் அதற்குப் பற்றுக்கருவி என்று பெயரிட்டுக் குறித்துக்கொண்டேன். வேறு யாரும் அப்படி அழைக்கவில்லை. அதன் திருகைச் சுழற்றியதும் மரம் அசையாமல் நின்றது. அந்த அசைவின்மையைக் கண்டு அரை நாழிகை ஒன்றுமே செய்யாமல் மேசைமேல் கை வைத்து நின்றேன்.

ஆண்டிமடத்து மர அறுவை ஆலையிலிருந்து பலாப்பலகை வந்தது. இழைப்புளி ஓடும்போது மஞ்சட்சுருள்கள் எழுந்து, தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு, என் செருப்பின்மேல் விழுந்தன. கார்த்திகை மழை தகரக் கூரையில் பெய்துகொண்டிருந்தது. மழைக்கும் இழைப்புக்கும் இடையே எந்த ஓசை எதனுடையது என்று பிரித்தறிய முடியவில்லை. முதலில் செய்த படி கோணியது. இரண்டாவதில் துளை பிளந்தது. மூன்றாவது நின்றது. மார்கழி பிறந்திருந்தது. ஒரு சாண் உயரம், ஒன்றரை முழ நீளம், நான்கு மூலையும் சரி. மேலே ஏறி நின்று பார்த்தேன், இம்மியும் ஆடவில்லை. கட்டிலின் முன் வைத்துவிட்டு மகளை அழைத்தேன்.

மறுநாள் காலையே இருவரும் மகிழுந்தில் வந்து இறங்கினர். கட்டில் சரியாக இருந்தால் அம்மா இங்கே தங்கலாம், இல்லையெனில் மாலையே திரும்பிவிட வேண்டும் என்று மகள் இறங்கும்போதே சொல்லிவிட்டாள். மனைவி நடைச்சட்டத்தோடு கூடம் கடந்து, அறைக்குள் நுழைந்து, படியைப் பார்த்தாள்.

"மஞ்சளா அழகாத்தான் இருக்கு," என்றாள். குனிய முடியாததால் சட்டத்தின் காலால் அதை ஒரு தட்டுத் தட்டினாள். "ஆடல."

"ஏறிப் பாரு."

அவள் முன்னே வந்தாள். நடைச்சட்டத்தின் முன்கால்கள் படியில் முட்டின. இடப்பக்கம் நகர்த்தினாள், படி அங்கேயும் இருந்தது. சட்டத்தைத் தூக்கிப் படியின்மேல் வைத்தால் அவள் நிற்க இடமில்லை. சட்டத்தை விட்டுவிட்டுப் படியேறினால் பற்ற ஒன்றுமில்லை. மகள் கை கொடுக்க விரைந்தாள். மனைவி தலையசைத்து மறுத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"வாக்கர எங்க வச்சுக்கிட்டு ஏற?" என்றாள். "ராத்திரி எறங்கணும்னா, இது இங்க இருக்குன்னு தூக்கக் கலக்கத்துல எனக்குத் தெரியுமா?"

அவள் உட்காரும்போது பாதம் எங்கே பதியும் என்று மட்டுமே எண்ணியிருந்தேன். அவள் எப்படி வந்து சேர்வாள் என்று எண்ணவில்லை.

"பட்டறையக் காட்டுங்க, பாப்போம்," என்றாள் அவள். கொட்டகைக்கு அழைத்துச் சென்று, ஒவ்வொரு கருவியையும் எப்படிப் பார்த்து வாங்கினேன் என்று சொன்னேன். சுவரில் தொங்கியவற்றையும் மேசையையும் மஞ்சட்சுருள் குவியலையும் நெடுநேரம் பார்த்தாள். அவளுடைய புடவையில் ஒளிப்புள்ளிகள் ஏறின.

"இவ்வளவு வாங்குனீங்களே. உளியக் கையில புடிச்சுப் பாத்தீங்க, ரம்பத்தத் தட்டிப் பாத்தீங்க. படிய ஏறப்போறவ நானு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா, எப்படி ஏறுவேன்னு?"

"கேக்கல," என்றேன். "இதுல ஆழ்ந்துபோயிட்டேன்."

"அது தெரியுது." பிறகு, சமையலுக்கு என்ன என்று சொல்லும் குரலில், "கட்டில் கால வெட்டுங்க," என்றாள்.

மகள் திடுக்கிட்டாள். "அம்மா! நீதானே கட்டில மாத்தினா வரமாட்டேன்ன?"

"மாத்தக் கூடாதுன்னுதான் சொன்னேன். வெட்டக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

"உங்க அம்மா குடுத்த கட்டில்," என்றேன் நான். "அடியில கடைசல் வேலையெல்லாம் இருக்கு. ஒரு சாண் போனா அதெல்லாம் போயிடும்."

"எங்கம்மா நான் படுக்கத்தான் குடுத்தாங்க. நீங்க பாத்துக்கிட்டு இருக்கவா குடுத்தாங்க?"

பாயைக் கைப்பேசியில் அழைத்து, நான்கு கால்களையும் ஒரே மட்டத்தில் அறுப்பது எப்படி என்று கேட்டேன். "அளவுகோல நம்பாதீங்க சார். நாலு தடவ அளந்தா நாலு அளவு வரும்," என்றார். "கட்டில் அது நிக்கிற எடத்துலயே நிக்கட்டும். ஒரு சாண் ஒசரத்துக்கு ஒரே ஒரு கட்டையத் தரையில வச்சு, அதுமேல பென்சிலப் படுக்க வச்சு, கட்டையத் தரையிலேயே நவுத்தி ஒவ்வொரு காலையும் சுத்தி வாங்க. தரை மேடு பள்ளமா இருந்தாலும் கோடு அதுக்குத் தக்கன விழும். அம்மா நல்லா நடக்கணும்னு நான் துஆ செஞ்சேன்னு சொல்லுங்க."

முதலில் அவளை அளந்தோம். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை நூல் பிடித்தேன். அந்நூலைக் கட்டிலோடு ஒப்பிட்டு, மெத்தை அமுங்குவதற்கும் இடம் விட்டுக் கணக்கிட்டபோது, வெட்ட வேண்டியது சரியாக அந்த ஒரு சாணே. மிஞ்சிய பலாத்துண்டுகளை அடுக்கி அவ்வுயரத்துக்கு ஒரு கட்டை அமைத்தோம். தரையில் அமர இயலாத எனக்காக மகள் தரையில் அமர்ந்து, பென்சிலைப் பற்றிக் கால்களைச் சுற்றிக் கோடிட்டாள். பிறகு தச்சரை அழைத்து மூவருமாகக் கட்டிலைப் பக்கவாட்டில் சாய்த்தோம். அறுத்துத் தருவதாக அவர் வாளுக்குக் கை நீட்டினார்.

"இருக்கட்டும் தம்பி," என்றாள் மனைவி. "அவரே அறுக்கட்டும்."

பிரம்பு நாற்காலியில் அவள் அமர்ந்திருந்தாள். நான் முக்காலியில் இருந்து வாளை இழுத்தேன். கட்டிலின் எடையே கட்டிலைப் பிடித்துக்கொண்டது; மேசையும் வேண்டியிருக்கவில்லை, பற்றுக்கருவியும் வேண்டியிருக்கவில்லை. வெளியே கறுத்திருந்த தேக்கு, உள்ளே பொன்னிறத்தில் இருந்தது. அதன் மணம் அறையில் பரவியது. அவள் பிறப்பதற்கும் எத்தனையோ ஆண்டுகள் முன்பு எந்தக் காட்டிலோ நின்ற மரத்தின் உள்ளிருந்த மணம், இத்தனை காலம் எங்கள் உறக்கத்துக்கு அடியில் மூடிக் கிடந்து, அந்தப் பிற்பகலில் வெளியே வந்தது. வாளின் ஓசை மட்டும் மூச்சுப்போல் போய்ப் போய் வந்தது.

"இடப்பக்கம் சாயுது," என்றாள் மனைவி.

நிறுத்திப் பார்த்தேன். மூன்றாவது காலில் வாள் கோட்டை விட்டு ஒரு நூலிழை விலகியிருந்தது. அறுக்கும்போது எனக்குத் தெரியவில்லை; அவளுக்குத் தெரிந்தது.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் கைய ஒசத்துங்க. ம். அப்படியே. அப்படியே வாங்க."

அதன்பின் கடைசி வெட்டுவரை நான் கோட்டைப் பார்க்கவே இல்லை. அவள் சொல்லச் சொல்ல இழுத்தேன். நான்காவது துண்டு தரையில் உருண்டு சுவரருகே நின்றபோது ஞாயிறு சாய்ந்திருந்தது.

கட்டிலை நிமிர்த்தினோம். தச்சர் நான்கு மூலைகளையும் அழுத்திப் பார்த்து, "பரவால்ல சார், எனக்குப் போட்டியா வந்துட்டீங்க," என்றார். மெத்தையை விரித்தோம். மனைவி நடைச்சட்டத்தோடு வந்து, திரும்பி, பின்னால் கை நீட்டிக் கட்டிலின் விளிம்பைத் தொட்டு, மெல்ல அமர்ந்தாள். உள்ளங்கால்கள் இரண்டும் தரையில் பதிந்தன. மகள் மண்டியிட்டு, மருத்துவர் காட்டியிருந்த முறைப்படி, முழங்காலையும் இடுப்பையும் கண்ணால் மட்டம் பார்த்தாள். எழுந்தாள்.

"என்னடி?"

"சரியாத்தான் இருக்கு," என்றாள் மகள், சிறிது தோற்றவள்போல்.

மனைவி பாதங்களைத் தரையில் முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தாள். பிறகு தானாகவே காலைத் தூக்கி வைத்துச் சாய்ந்து படுத்தாள். கூரையைப் பார்த்தவாறு சற்று நேரம் கிடந்தாள்.

"ஃபேன் தூரமாப் போயிடுச்சு," என்றாள்.

"வேகத்தக் கூட்டட்டுமா?"

"வேணாம். நல்லாருக்கு." கண்களை மூடிக்கொண்டு, மகளிடம் சொன்னாள்: "நீ இருட்டுறதுக்குள்ள கெளம்பு. என் துணிமணியெல்லாம் நாளைக்கு அரியலூர் பஸ்ல குடுத்து உடு, அப்பா போயி வாங்கிக்குவாரு."